விலக்குப் படிவம்

கோண்டாவில் சந்தியிலிருந்து சற்று உள்ளே,
தகரக் கொட்டகை, ஒரு கணினி, ஒரு குழாய்.
வாகனங்களின் பின்புறம்தான் என் உத்தியோகம்.
ஐந்து மணிக்குள் அறுபது புகைபோக்கி.
இரவில் சோற்றிலும் அதே மணம்
என்று அம்மாவிடம் சொல்வதில்லை.

நீக்கிலாப்பிள்ளை பத்து மணிபோல வந்தார்,
பாசையூரிலிருந்து, ஐம்பத்தாறாம் ஆண்டு ஒஸ்ரின் கேம்பிரிஜ்ஜில்.
ஸ்ரீ எழுத்துக்கு முந்திய இலக்கத் தகடு.
நிறம் ஒருகாலத்தில் என்னவோ,
இப்போது வள்ளத்துக்கு அடிக்கிற நீலம்.
பின் இருக்கையில் மீன் பெட்டிகள்.
உருகிய ஐஸ் கதவு வழியே சொட்டியது.

"உங்களுக்கு இனிச் சோதனை தேவைப்படாது, ஐயா."
புதிதாக ஒரு படிவம் வந்திருந்தது:
தொன்மை வாகனங்களுக்குப் புகை விலக்கு.
மூன்றே கேள்விகள்.
ஐம்பது வயது தாண்டியதா என்பதில் சிக்கலில்லை.
உறுப்புகள் மூலமானவையா?
அவர் பொனற்றைத் திறந்தார்.

ரேடியேற்றர் ஏதோ உழவு இயந்திரத்தினுடையது.
பிஸ்ரன் வளையம் சுன்னாகத்தில் கடைந்தது.
காபரேற்றரின் வாயை அகட்டியிருந்தார்கள்
தொண்ணூற்றொன்றில், மண்ணெண்ணெய் குடிக்க.
சேலைன் போத்தல் தொங்கிய கொளுக்கி இன்னும் இருந்தது:
முதல் மூச்சுக்கு மட்டும் பெற்றோல்,
சொட்டுச் சொட்டாய், நோயாளிக்கு ஏற்றுவதுபோல.
கதவுப் பிடி, பழைய குளிர்சாதனப் பெட்டியிலிருந்து.

மூலம் எந்த இடத்தில் முடிந்தது
என்று கேட்கிற கட்டம் படிவத்தில் இல்லை.
ஓம், இல்லை. இரண்டு சதுரம்.
"கார் அதேதான், பிள்ளை. சாமான்தான் மாறினது."

தொழிலுக்குப் பாவிப்பதில்லையே?
ஐஸ் தண்ணீர் என் செருப்பு வரைக்கும் வந்துவிட்டது.

உண்மையைச் சொன்னால்,
எல்லாவற்றுக்கும் ஓம் போட நினைத்தேன்.
கொழும்பிலிருந்து யார் வந்து பொனற் திறக்கப் போகிறான்?
அந்த நேரம் பார்த்து மதிலுக்கு அப்பால்
முன்பள்ளி மணி அடித்தது.
அக்காவின் மகன் யதுர்சன் அங்கேதான்.
அவன் பைக்குள் சாப்பாட்டுக்கு முதல்
இழுப்பு மருந்து இருக்கிறதா என்று பார்ப்போம்.
பேனையை மூடினேன்.

அவர் படிவத்தை வாங்கித் தூரப் பிடித்து
ஒரேயொரு சொல்லை எழுத்துக் கூட்டினார்.
"றோட்டிலை எல்லாரும் என்னை விலத்திக்கொண்டு போறாங்கள்.
நீயும் விலக்கு எண்டுறாய்.
வேண்டாம். குழாயை வை."

வைத்தேன்.
கொட்டகைத் தகரம் முழுக்க அதிர்ந்தது.
பின்னால் நின்ற வெள்ளை ஜப்பான் கார்,
ஓடுகிறதா நிற்கிறதா என்றே தெரியாதது,
கண்ணாடியை மேலே ஏற்றிக்கொண்டது.
திரையில் இலக்கம் ஏறித் தயங்கி ஏறி
ஆறு தசம் ஒன்றில் நின்றது. கோட்டுக்கு மேலே.

சட்டைப் பையிலிருந்து சதுரமான ஐந்து சதக் குற்றி.
செல்லாக் காசு, திருகாணிக்குச் செல்லும்.
காதைச் சாய்த்துக் கால் சுற்றுத் திருப்பினார்.
ஐந்து தசம் நான்கு.
இன்னும் கால் சுற்று.
இருமிவிட்டு நின்றது. பிறகு எழும்பவில்லை.

வெள்ளைக் காரின் சாரதி, ஓட்டோப் பொடியள் இரண்டு பேர்,
நான்,
எல்லாரும் தள்ளினோம். மீன் நாறியது.
பலாலி வீதி ஓரத்தில் ஒரு உதறல்,
கறுப்பாய் ஒரு முகில், நேரே என் முகத்துக்கு.
அதை அளந்திருக்க வேண்டிய குழாய்
உள்ளே ஆணியில் தொங்கிக்கொண்டிருந்தது.

தோல்விச் சீட்டை ஓடிப்போய்க் கொடுத்தேன்.
நாலாய் மடித்து
ஆடிக்கொண்டிருந்த யன்னல் கண்ணாடிக்கு ஆப்பு வைத்தார்.
"நாளைக்கு வாறன்."
நாளைக்குப் போயா, பூட்டு, என்று கத்தினேன்.

கேட்டதோ தெரியாது.
கையை வெளியே நீட்டினார்.
அது எனக்காகவும் இருக்கலாம்,
வலப்பக்கம் திரும்புவதற்காகவும் இருக்கலாம்.
அந்தக் காருக்குச் சமிக்ஞை விளக்குக் கிடையாது.